கல்யாணம் ஆகாமல் அப்பாவாக: வாடகைத்தாய், தத்து பற்றி எல்லையோர ஊர்களில் கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, செங்கோட்டை, குமுளி, வாளையாறு, நகரி என்று எல்லையை ஒட்டி வாழ்பவர்களுக்கு வீடு ஒரு மாநிலத்திலும் ஆஸ்பத்திரி இன்னொரு மாநிலத்திலும் இருப்பது சகஜம். "அந்தப் பக்கம் போனால் முடியும்" என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வரும். தனியாக வாழும் ஆண்கள் இந்த விஷயத்தில் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கல்யாணம் ஆகாத ஆண் இந்தியாவில் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறலாமா?

முடியாது. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25-ல். அது இரண்டு தரப்பை மட்டுமே அனுமதிக்கிறது. ஒன்று, மருத்துவக் காரணம் உள்ள, சட்டப்படி மணமான ஆண்–பெண் தம்பதி (மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவனுக்கு 26 முதல் 55). இன்னொன்று, 35 முதல் 45 வயதுக்குள் உள்ள, கணவனை இழந்த அல்லது விவாகரத்தான பெண். மனைவியை இழந்த ஆணுக்கும் விவாகரத்தான ஆணுக்கும் அதே சலுகை இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் எங்களுக்கும் தோன்றுகிறது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

கேரளாவில் சட்டம் வேறு, ஆந்திராவில் வேறு என்கிறார்களே?

இது மத்தியச் சட்டம், எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது வாரியமும் அனுமதி தரும் அதிகாரியும்தான். கோயம்புத்தூரில் தகுதி இல்லாதவர் வாளையாறு தாண்டிப் பாலக்காடு போனாலும் தகுதி வந்துவிடாது.

அப்படியானால் கல்யாணம் ஆகாத இந்தி நடிகர் துஷார் கபூருக்கும் இயக்குநர் கரண் ஜோஹருக்கும் எப்படி முடிந்தது?

அவர்கள் அப்பாவானது 2016-லும் 2017-லும். அப்போது இந்தச் சட்டம் இல்லை. வழிகாட்டு நெறிகள் மட்டும் இருந்தன, தனி ஆணைத் தடுக்க எதுவும் இல்லை. அந்தச் செய்திகளை இன்றும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தியின் தேதியைப் பாருங்கள்.

"எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். என்ன வழி வைத்திருப்பார்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, காகிதக் கல்யாணம். ஒரு பெண்ணுடன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு தம்பதியாக விண்ணப்பிப்பது. இது சான்றிதழ் கட்டத்திலேயே இடறும். மனைவியால் கருவைச் சுமக்க முடியாது என்பதற்கு மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று வேண்டும். கருப்பை இல்லை, கருப்பையில் கோளாறு, செயற்கைக் கருத்தரிப்பு திரும்பத் திரும்பத் தோற்றது, கரு பலமுறை கலைந்தது, கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற காரணங்கள் மட்டுமே செல்லும். அதன்பின் பெற்றோர் உரிமை பற்றி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். வாடகைத்தாய்க்கு 36 மாதக் காப்பீடும் எடுக்க வேண்டும். இத்தனை இடத்திலும் பொய்யில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. தப்பித்தவறி குழந்தை பிறந்தாலும் சட்டப்படி அந்தப் பெண்ணும் அதற்கு அம்மா. நாளை அவர் உரிமை கேட்டால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இரண்டாவது, தெரிந்த தம்பதியின் பெயரில் செய்துவிட்டுக் குழந்தையை உங்களிடம் தருவது. பிறப்புச் சான்றில் அவர்கள்தான் அம்மா அப்பா. உங்களுக்கும் குழந்தைக்கும் காகிதத்தில் எந்த உறவும் இருக்காது.

மூன்றாவதுதான் படுமோசம். வாடகைத்தாய் வழி பிறந்தது என்று சொல்லி எங்கோ வாங்கிய பிள்ளையைக் கையில் கொடுப்பது. 2025-ல் ஐதராபாத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் மீது பதிவான வழக்கு இந்த வகை. குழந்தைக்கும் தம்பதிக்கும் மரபணு பொருந்தவில்லை என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தம்பதி சட்டப்படிதான் நடக்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

தண்டனை: பணத்துக்கு வாடகைத்தாய் ஏற்பாடு செய்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை நாடிப் போனவருக்கு முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். குழந்தையை விலைக்கு வாங்கினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் (குழந்தைப் பாதுகாப்பு, தத்து பற்றிய மத்தியச் சட்டம்) 81-ம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். வாடகைத்தாயை வற்புறுத்தித்தான் இதில் இறக்கினார்கள் என்று நீதிமன்றம் எடுத்த எடுப்பிலேயே அனுமானிக்கும். "அந்தம்மா சம்மதித்துத்தான் வந்தாங்க" என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இப்படி யாராவது அணுகினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ல் சொல்லலாம்.

தோழி ஒருத்தி குழந்தை பெற்றுக்கொள்ளத் தயார். என் விந்தணுவை வைத்து ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா?

21 வயது தாண்டிய தனிப்பெண் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விந்தணு பதிவு பெற்ற வங்கியிலிருந்து வர வேண்டும், கொடுத்தவர் யாரென்பது ரகசியமாக இருக்க வேண்டும். "இவர்தான் கொடுப்பவர்" என்று ஆளைக் கூட்டிப் போக முடியாது. அந்தக் குழந்தைக்கு நீங்கள் சட்டப்படி அப்பாவும் ஆக மாட்டீர்கள்.

விந்தணுவை உறைய வைத்துக்கொள்ளலாமா?

புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் முன் ஆண்கள் செய்வது இதுதான். 10 ஆண்டு வரை சேமிக்கலாம். இப்போதைக்குப் பயன்படுத்த முடியாது, பின்னாளில் கல்யாணம் ஆனால் உதவும்.

வெளிநாட்டுக்குப் போய்ச் செய்தால்?

இந்தியச் சட்டம் இந்தியாவுக்குள் நடப்பதைப் பற்றியது. ஆனால் கதவு திறந்திருக்கும் நாடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. தாய்லாந்தும் நேபாளமும் 2015-லும் கம்போடியா 2016-லும் வெளிநாட்டவருக்கு மூடிவிட்டன. ரஷ்யா 2022 கடைசியில் மூடியது. உக்ரைனில் மணமான தம்பதிக்கு மட்டும்தான், ஜார்ஜியாவிலும் ஆண்–பெண் ஜோடிக்குத்தான். தனி ஆணுக்குத் தெளிவான சட்டப் பாதுகாப்பு உள்ள இடம் என்றால் அமெரிக்காவின் சில மாநிலங்கள், குறிப்பாகக் கலிபோர்னியா. செலவு ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

பணத்தைவிட முக்கியமானது குடியுரிமை. வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளிப்படி இந்தியக் குடிமகனாக வேண்டுமானால், பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும். அமெரிக்காவில் பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வந்துவிடும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் இந்தியப் பதிவுக்கு வழி அடைபடும். எந்தப் பாஸ்போர்ட் என்பதைக் கரு உருவாவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இங்கே சேமித்த விந்தணுவையோ கருவையோ வெளிநாட்டுக்கு அனுப்ப, செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத்தாய் விஷயங்களைக் கவனிக்கும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நீதிமன்றத்தில் மாறாதா?

தனி ஆண்களை விலக்குவதை எதிர்த்து 2022-லேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி ஆண் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றத்திலும் சட்டத்தின் பல பிரிவுகளை எதிர்த்து மனுக்கள் போடப்பட்டன. தீர்ப்பை நம்பி வயதைக் கடத்த வேண்டாம். தத்தெடுப்பில் வயதுக்கு எல்லை உண்டு.

தனி ஆண் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. உங்களுக்கும் குழந்தைக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையம் வழியாகப் போனால் ஆண் குழந்தையை மட்டுமே எடுக்க முடியும். தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 57-ம் பிரிவே சொல்கிறது. மதம் தடையல்ல. இந்தச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வயது வரம்பு, 2022 ஒழுங்குமுறைகளின்படி: 2 வயது வரையிலான குழந்தைக்கு உங்கள் வயது 40-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 45, 4 முதல் 8 வரை 50, 8 முதல் 18 வரை 55. பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு. கைக்குழந்தைதான் வேண்டும் என்பவர் 39-ல் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. இப்போது வரிசை மூன்று ஆண்டுக்கு மேல் நீள்கிறது. பெரிய பையன், சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்றால் சீக்கிரம் கிடைக்கும்.

பதிவு எப்படி? எங்கே சிக்கும்?

காராவின் கேரிங்ஸ் தளத்தில் பதிவு செய்து, 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, கடந்த ஆண்டின் வருமானச் சான்று, தொற்றுநோயோ நாள்பட்ட பெரிய நோயோ இல்லை என்ற டாக்டர் சான்று, உங்களைத் தெரிந்த இருவரின் கடிதம். விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகல், மனைவியை இழந்தவர் என்றால் இறப்புச் சான்று. தனி ஆளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு உறவினர் எழுதித் தரும் உறுதிமொழி. 70 வயது அம்மாவிடம் வாங்குவதைவிட அக்காவிடமோ தம்பியிடமோ வாங்குங்கள். அதைப் படிப்பவர் முதலில் கணக்குப் போடுவது கையெழுத்திட்டவரின் வயதைத்தான்.

எல்லையோர ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது பெயரில். பள்ளிச் சான்றில் "மு. செல்வன்", ஆதாரில் "செல்வன் எம்", பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து "செல்வன் முருகன்" என்று இருக்கும். கேரளாவில் படித்திருந்தால் வீட்டுப்பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கும். ஆந்திரப் பக்கம் குடும்பப் பெயர் முன்னால் வந்து நிற்கும். எல்லாம் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், கோப்பைப் பார்க்கிற கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். பதிவு செய்யும் முன் பாஸ்போர்ட்டில் உள்ளபடியோ ஆதாரில் உள்ளபடியோ ஒன்றை முடிவு செய்து மற்றவற்றைத் திருத்திவிடுங்கள். இப்போது விட்ட எழுத்து, பிறகு கலெக்டர் உத்தரவிலும் அதைப் பார்த்து எழுதப்படும் குழந்தையின் பிறப்புச் சான்றிலும் ஏறிவிடும். தமிழ், மலையாளம், தெலுங்கில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வேலை கோயம்புத்தூரில், வீடு சித்தூரில். எந்த மாவட்டம்?

நீங்கள் உண்மையில் குடியிருக்கும் இடம். வீட்டைப் பார்த்து ஆய்வறிக்கை எழுத வருபவர் அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ தத்து மையத்திலிருந்தோ வருவார். வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைவிட, நீங்கள் தினமும் சமைத்துச் சாப்பிடும் வாடகை வீடே மேல். முகவரிச் சான்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஆய்வில் என்ன பார்ப்பார்கள்?

சொந்த வீடா, ஏசி இருக்கிறதா என்பதல்ல. நீங்கள் வேலைக்குப் போனால் குழந்தை யாரிடம் இருக்கும், இரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது, வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமா, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் கேள்விக்குக் கோபப்பட வேண்டாம், கேட்கத்தான் கேட்பார்கள். "அம்மா பார்த்துக்கொள்வார்" என்று ஒரே வரியில் முடித்தால் அறிக்கை மெலிந்துவிடும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை யார், எங்கே என்று மணிவாரியாகச் சொல்லுங்கள். அறிக்கை 3 ஆண்டு செல்லும். வரிசை அதற்குமேல் நீண்டால் மறுபடி எழுத வேண்டும்.

குழந்தை விவரம் வந்த பிறகு?

புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இரவுப் பணி, கடல் பணி என்று போனை அணைத்து வைப்பவர்கள் இங்கே வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். பிறகு தத்து மையத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கலாம், உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டலாம். ஒப்புக்கொண்டதும், தத்து உத்தரவு வரும்வரை வளர்த்துக்கொள்வதற்கான வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். தத்து உத்தரவு தருபவர் 2022 செப்டம்பர் முதல் கலெக்டர், நீதிமன்றம் அல்ல. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு வந்து பார்ப்பார்கள். கட்டணத்தை ரசீது இல்லாமல் யாரிடமும் கட்டாதீர்கள்.

தொட்டிலில் விடப்பட்ட குழந்தையை நேரே வாங்கி வர முடியுமா என்றும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் தொட்டில் குழந்தைத் திட்டமானாலும் கேரளாவின் அம்மத்தொட்டிலானாலும், குழந்தை நலக் குழு சட்டப்படி விடுவித்த பிறகு காரா வரிசைக்குத்தான் அந்தக் குழந்தை போகும். பெற்றவளே ஒப்படைத்திருந்தால் மனம் மாற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு.

அக்கா மகனையே எடுத்துக்கொள்ளலாமா? மகளாக இருந்தால்?

தாய்மாமன் என்பவர் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே "உறவினர்" பட்டியலில் இருக்கிறார். பெற்றோர் சம்மதம், குழந்தைக்கு 5 வயது ஆகியிருந்தால் அதன் சம்மதம், கலெக்டர் உத்தரவு. வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கும் பையன் மட்டும்தான்.

மகள் என்றால், நீங்கள் இந்துவாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956. கல்யாணம் ஆகாத ஆணும் இதில் தத்தெடுக்கலாம். பெண் குழந்தையானால் உங்களுக்கும் அதற்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருந்தால் மகனையும், மகள் இருந்தால் மகளையும் தத்தெடுக்க முடியாது. கொடுக்கும் உரிமை பெற்ற அம்மா அப்பாவுக்குத்தான், ஒருவர் கொடுத்தால் மற்றவரின் சம்மதம் வேண்டும். அக்காவின் கையெழுத்து மட்டும் வாங்கி, வளைகுடாவில் இருக்கும் அத்தானிடம் "போனில் சொல்லிட்டேன்" என்று விட்டால் அந்தத் தத்து நிற்காது. அத்தான் ஊருக்கு வரும் விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் குழந்தையை ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கும் செயல் நடந்தே ஆக வேண்டும். அதைச் சாட்சிகள் முன்னால் செய்து, படம் எடுத்து, பத்திரத்திலும் எழுதுங்கள். பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்திருந்தால், தத்து சட்டப்படி நடந்ததாக நீதிமன்றம் ஏற்கும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். எழுதிக் கையெழுத்திடும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கைமாறினால் குற்றம். முடிந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது.

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் வழிதான்.

விடுப்பு கிடைக்குமா?

மத்திய அரசு ஊழியரான தனி அப்பாவுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுக்க 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். மணமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் மூவருக்கும் உண்டு. மாநில அரசு, தனியார் வேலை என்றால் அவரவர் பணிவிதிதான்.

அம்மா பெயர் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது?

பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது. பள்ளியில் கணினிப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட மறுத்தால், பாட்டி பெயரையோ அத்தை பெயரையோ போட்டு ஒப்பேற்றாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அது தொடரும். தத்து உத்தரவின் நகலோடு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

கைக்குழந்தை வந்த முதல் வாரம் எதில் கவனம்?

பாலில். மையத்தில் எந்தப் பால்பொடி, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கி, முதல் வாரம் அதையே கொடுங்கள். பெரும்பாலான பொடிகளுக்கு 30 மில்லி நீருக்கு, டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியால் ஒரு கரண்டி. டப்பாவில் உள்ளதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகுதான் பொடி. கரண்டியை அமுக்காமல் கத்தி முதுகால் தட்டையாக வழிக்க வேண்டும். அமுக்கினால் பால் கெட்டியாகி மலச்சிக்கலும் நீர்வறட்சியும் வரும், நீர்த்தால் எடை ஏறாது. கலக்கி இரண்டு மணி நேரம் ஆனதைக் கீழே கொட்டிவிடுங்கள். தடுப்பூசி அட்டையை மையத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பின்னாளில் எனக்குக் கல்யாணம் ஆனால்?

1956 சட்டப்படி எடுத்த குழந்தைக்கு உங்கள் மனைவி மாற்றாந்தாய் ஆவார், தத்துத் தாய் அல்ல. நீங்கள் அப்பா என்பதில் எந்த மாற்றமும் வராது. பிறப்புச் சான்றில் அவர் பெயர் தானாக ஏறாது.